காலியாக இருக்கும் வரி

ஆனி கடைசி.

சிலபஸ் தாளில் ஐந்து யூனிட்டும் எழுதி முடித்தாயிற்று. அதற்குக் கீழே 'பாடநூல்' என்று ஒரு வரி, எதிரே வெற்றிடம். பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு லினக்ஸ் அறிமுகத் தாள். புத்தகத்தை நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்று என்னிடம் விட்டுவிட்டார்கள். எட்டயபுரம் வீட்டுத் திண்ணையில் ஏழு புத்தகங்களைப் பரப்பி வைத்திருக்கிறேன். மேல்காற்று ஓயாமல் வீசுகிறது. ஒவ்வொரு புத்தகத்தின் மேலும் ஒரு கல் வைக்க வேண்டியிருக்கிறது. கல்லை எடுத்துப் பக்கத்தைத் திறந்தால் இரண்டு நிமிஷத்தில் கரிசல் தூசி படிந்துவிடுகிறது.

எது நல்ல புத்தகம் என்று கேட்டால் பதில் சொல்வது எளிது. யார் கையில் இருக்கப் போகிற புத்தகம் என்று கேட்டால்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம் பக்கத்திலிருந்து காலை பஸ்ஸில் கோவில்பட்டி வரும் பிள்ளைகள். வகுப்பில் பாதிக்கு மேல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறார், அல்லது வீட்டில் தறி ஓடுகிறது, அல்லது மானாவாரியில் உளுந்தும் மக்காச்சோளமும். அந்த வீட்டில் கல்லூரிப் புத்தகம் என்று ஒன்று நுழைவதே இதுதான் முதல் தடவை. நூலகத்தில் மூன்று பிரதி வாங்கி வைத்தால் அறுபது பேருக்கு அது புத்தகம் இல்லை.

*

சுமிதபா தாஸின் யுனிக்ஸ் புத்தகம். டாட்டா மெக்ரா ஹில் வெளியீடு, 4-ஆம் பதிப்பு 2006. இந்தியக் கல்லூரிகளில் ஒரு தலைமுறை இதைப் படித்துத்தான் வேலைக்குப் போனது. நானும் இதில்தான் படித்தேன். ஒரு ஊழியர் பட்டியலை எடுத்துக்கொண்டு, அதே கோப்பை வைத்தே தேடுவது, வரிசைப்படுத்துவது, வெட்டுவது, ஒட்டுவது என்று அத்தியாயம் அத்தியாயமாகக் கொண்டுபோவார். ஒரே கோப்பு என்பதால் மாணவருக்கு மனசில் நிற்கும். அந்த முறையை நான் விடப்போவதில்லை.

ஆனால் அது யுனிக்ஸ் புத்தகம். 2006-க்குப் பிறகு லினக்ஸில் சர்வீஸ்களை நடத்தும் முறையே மாறிவிட்டது. உபுண்டு லினக்ஸ் 2015-லேயே சிஸ்டம்-டி என்ற புது முறைக்குப் போய்விட்டது. பழைய புத்தகங்கள் நெட்வொர்க் பார்க்கச் சொல்லித்தரும் ஐஎஃப்கான்ஃபிக் கட்டளை, இன்று புதிதாக நிறுவிய டெபியனில் இல்லவே இல்லை. தனியாகப் போட்டால்தான் வரும். இருபது வருஷ அனுபவம் உள்ளவருக்கு இது ஒன்றுமில்லை, வேறு கட்டளை தெரியும். முதல் மாதம் லேபில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு 'அப்படி ஒரு கட்டளை இல்லை' என்று திரை சொன்னால், தான் ஏதோ தப்பாக அடித்துவிட்டோம் என்றுதான் படும்.

இதைத்தான் இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன். புத்தகம் தவறும்போது இந்தப் பிள்ளைகள் புத்தகத்தைச் சந்தேகிப்பதில்லை. அச்சில் இருப்பது தப்பாகவும் இருக்கலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

*

போன வருஷம் லேபில் ஒரு பிள்ளை கை தூக்கினாள்.

"மேடம், புக்குல இருக்க மாதிரி வரல."

"என்ன அடிச்சே, காட்டு."

அவள் கையில் இருந்தது ஒரு கைடு. அதில் கோப்புகளின் பட்டியல் நீளமாக அச்சாகியிருந்தது, அனுமதி, உரிமையாளர், அளவு, தேதி எல்லாம் சேர்த்து. அவள் திரையிலோ வெறும் பெயர்கள், ஒன்றன் கீழ் ஒன்றாக. அடித்திருந்ததைப் பார்த்தேன். எல்எஸ், ஒரு இடைவெளி, ஒரு சின்னக் கோடு, அப்புறம் எண் 1. அங்கே வரவேண்டியது சின்ன எல் எழுத்து. அந்தக் கைடின் அச்சில் சின்ன எல்லும் எண் 1-ம் ஒரே குச்சி. பக்கத்தில் விரலை வைத்து அவளே இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டினாள், வித்தியாசம் கிடையாது.

எண் 1 போட்டாலும் அது செல்லுபடியாகும் கட்டளைதான். வரிக்கு ஒரு பெயராகக் காட்டு என்று அர்த்தம். பிழைச் செய்தி வராது. மெஷினும் மறுக்கவில்லை, புத்தகத்தில் இருப்பதைத்தான் அடித்திருக்கிறோம், அப்படியானால் கோளாறு தன்னிடம்தான் என்று அந்தப் பிள்ளை இருபது நிமிஷம் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள். அந்த இருபது நிமிஷத்துக்காகத்தான் இந்த ஏழு புத்தகத்தையும் அச்செழுத்து அச்செழுத்தாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. ஒரு கட்டளையின் விடையை இன்னொரு கட்டளைக்குள் வைப்பதற்கு ஒரு குறி உண்டு. விசைப்பலகையில் எண் 1-க்கு இடப்பக்கம், மூலையில் இருக்கும் சாய்ந்த குறி. அச்சகத்தில் அதைச் சாதாரண ஒற்றை மேற்கோளாக மாற்றிவிடுவார்கள். டேட் என்ற சொல்லை அந்தச் சாய்ந்த குறிக்குள் வைத்து எக்கோ கட்டளை கொடுத்தால் இன்றைய தேதி வரும். மேற்கோளுக்குள் வைத்தால் 'டேட்' என்ற சொல்லே திரும்பி வரும். அப்போதும் பிழைச் செய்தி வராது.

ஒரு புத்தகத்தை எடுத்தால் நான் முதலில் பார்ப்பது இப்போது முன்னுரையை இல்லை. எல்லும் ஒன்றும் வேறாகத் தெரிகிறதா, சாய்ந்த குறி பிழைத்திருக்கிறதா என்று பார்க்கிறேன். அப்புறம், கோப்பை அழிக்கும் ஆர்எம் கட்டளை வரும் பக்கம். எச்சரிக்கை கட்டளைக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா? பிள்ளைகள் படித்துக்கொண்டே அடிப்பார்கள். அடித்த பிறகு வருகிற எச்சரிக்கையால் என்ன பிரயோஜனம்? லினக்ஸின் கட்டளை வரியில் அழித்தது குப்பைத்தொட்டிக்குப் போய்க் காத்திருப்பதில்லை.

ஏழில் நான்கு இந்தச் சோதனையிலேயே கீழே இறங்கிவிட்டன.

*

கெர்னிகனும் பைக்கும் 1984-ல் எழுதிய யுனிக்ஸ் புத்தகத்தை மறுபடி நூறு பக்கம் படித்தேன், வேலையை விட்டுவிட்டு. இவ்வளவு குறைந்த சொல்லில் இவ்வளவு தெளிவாக எழுத முடியுமா என்று ஒவ்வொரு தடவையும் தோன்றுகிறது. சொல்லிக்கொடுப்பவர் கையில் இருக்க வேண்டிய புத்தகம். வகுப்புக்கு இல்லை.

*

வில்லியம் ஷாட்ஸ் எழுதிய 'தி லினக்ஸ் கமாண்ட் லைன்'. 2012-ல் நோ ஸ்டார்ச் பிரஸ் அச்சிட்டது, 2-ஆம் பதிப்பு 2019. ஆசிரியரே முழுப் புத்தகத்தையும் இலவசமாக இறக்கிக்கொள்ளக் கொடுத்திருக்கிறார். அச்சு சுத்தம். முதல் பக்கங்களிலேயே கையை விசைப்பலகையில் வைக்கச் சொல்லிவிடுகிறார். தத்துவமும் வரலாறும் பேசி நாற்பது பக்கத்தை ஓட்டுவதில்லை. ஆர்எம் பற்றி உரிய மரியாதையோடு எச்சரிக்கிறார்.

இரண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டு, மூன்று பக்கம் வாசித்து அர்த்தம் சொல்லச் சொன்னேன். டைரக்டரி, பாத், பர்மிஷன் இதிலெல்லாம் தடுக்கவே இல்லை. நின்ற இடங்கள் எல்லாம் சாதாரண ஆங்கிலம். ஷாட்ஸ் சிநேகமாகப் பேசுகிற ஆள். நடுநடுவே வேடிக்கையாக ஒரு வாக்கியம் போடுவார், பேச்சுவழக்கில் ஒரு சொல்லை வைப்பார். அங்கேதான் இருவரும் நின்றார்கள். அது கட்டாயம் புரிய வேண்டிய வரியா, விட்டுவிட்டுப் போகலாமா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஆங்கிலத்தில் பிறந்தவரை ஆறுதல்படுத்துகிற அந்தச் சிநேகப் பேச்சே, எங்கள் பிள்ளைகளுக்கு மேடாகிவிடுகிறது. நான் எதிர்பார்க்காத விஷயம் இது. எளிய நடை என்று நாம் சொல்வது யாருக்கு எளியது?

*

து. நித்யாவின் 'எளிய தமிழில் ஜிஎன்யு/லினக்ஸ்', இரண்டு பாகம். கணியம் வெளியீடு. மின்னூலாக இலவசம். கணியம் 2012-லிருந்து தமிழில் மென்பொருள் பற்றி எழுதிவரும் இதழ். அந்த அம்மையார் இதே வரிசையில் மைஎஸ்கியூஎல், எச்டிஎம்எல் என்று எழுதிக்கொண்டே போயிருக்கிறார். சம்பளத்துக்குச் செய்த வேலை இல்லை.

அதே இரண்டு பிள்ளைகளிடம் கொடுத்தேன், போனில். குரல் மாறியது. முதலில் வாசித்த குரல் எழுத்துக் கூட்டுகிற குரல், இது பேசுகிற குரல். ஒருத்தி பாதியில் நிறுத்தி, "மேடம், இதுல ஒரு சந்தேகம்" என்றாள். ஷாட்ஸை வாசிக்கும்போது அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. சந்தேகம் வருகிற அளவுக்குப் புரிந்திருக்கவில்லை.

தமிழ்ப் புத்தகம் வைத்தால் நேர்முகத் தேர்வில் பிள்ளை திணறுவாள் என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். அதைத் தள்ளிவிட முடியாது, தேர்வும் ஆங்கிலத்தில்தான். ஆனால் கட்டளைகள் எப்படியும் ஆங்கிலம். விடைத்தாளில் எழுத வேண்டிய வாக்கியங்களை ஆங்கிலத்தில் பழக்கிவிடலாம். புரிந்த விஷயத்தை இன்னொரு மொழியில் சொல்லப் பழக்குவது ஒரு செமஸ்டர் வேலை. புரியாததைப் பழக்க ஒரு வழியும் எனக்குத் தெரியாது.

*

ஷெல், கர்னல். இந்த இரண்டையும் விளக்க ஆங்கிலப் புத்தகங்கள் வட்டத்துக்குள் வட்டம் போட்ட படம் ஒன்றைப் போடும். கடலைமிட்டாய்க்குப் பேர்போன கோவில்பட்டியில் அந்தப் படம் எதற்கு? வகுப்புக்கு ஒரு கை வறுகடலை கொண்டுபோவேன். ஓடு ஷெல், பருப்பு கர்னல். அந்தச் சொற்களின் அர்த்தமே அதுதான், உவமைகூட இல்லை. நீ தொடுவது ஓட்டைத்தான், வேலை நடப்பது பருப்பில்.

கி. ராஜநாராயணன் இடைசெவலில் உட்கார்ந்து கரிசல் வட்டாரச் சொற்களைத் திரட்டி 1982-ல் அகராதியாகக் கொண்டுவந்தார். சம்சாரிகளின் வாயில் இருந்ததை அப்படியே எடுத்தார். லேபில் பிள்ளைகள் தங்களுக்குள் பேசும்போது என்ன சொல்கிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துவருகிறேன். புரோகிராம் 'நின்னுபோச்சு', 'சுத்திக்கிட்டே இருக்கு', அதை 'கொன்னுரு'. பைப்புக்கு 'குழாய்' என்றுதான் சொல்கிறார்கள், இந்தப் பக்கெட்டிலிருந்து அந்தப் பக்கெட்டுக்கு. மொழிபெயர்ப்புக் குழு போட்டுத் தேட வேண்டியதில்லை, பாதி அகராதி லேபிலேயே இருக்கிறது.

*

பிள்ளைகளுக்குப் பிரதி எடுப்பது பற்றிக் கேட்டபோது, கோவில்பட்டி ஜெராக்ஸ் கடை அண்ணாச்சி, "மேடம், முழுப் புக்கும் எடுக்கலாமா? யாரும் கேட்டா என்ன சொல்ல?" என்றார். நல்ல கேள்வி. உட்கார்ந்து பதில் சொன்னேன்.

டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் ரமேஷ்வரி என்று ஒரு ஜெராக்ஸ் கடை. பாடத்துக்கு வேண்டிய பக்கங்களைப் பல புத்தகங்களிலிருந்து நகலெடுத்து ஒன்றாகக் கட்டி விற்றார்கள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் மூன்றும் 2012-ல் வழக்குப் போட்டன. 2016 செப்டம்பரில் டெல்லி உயர்நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்திலேயே கற்பித்தலுக்காக நகலெடுக்க இடம் இருக்கிறது என்பதுதான் காரணம். பதிப்பாளர்கள் அடுத்த வருஷம் வழக்கை விட்டுவிட்டு விலகினார்கள்.

யுனிக்ஸின் கதையிலேயே ஒரு ஜெராக்ஸ் புத்தகம் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஜான் லயன்ஸ் என்ற பேராசிரியர் 1976-77-ல் தன் மாணவர்களுக்காக யுனிக்ஸின் மூல நிரலை வரி வரியாக விளக்கி ஒரு பாடக்குறிப்பு எழுதினார். கொஞ்ச நாளில் ஏடி அண்ட் டி அதை வகுப்பில் பயன்படுத்த முடியாதபடி உரிமத்தை இறுக்கியது. அதன்பின் இருபது வருஷம் அந்தக் குறிப்பு நகலின் நகலாகக் கை மாறி உலகம் சுற்றியது. 1996-ல்தான் முறையாக அச்சில் வந்தது. எழுத்து மங்கிய பக்கங்களில் ஆட்கள் ஆபரேட்டிங் சிஸ்டம் படித்திருக்கிறார்கள்.

என் பிள்ளைகள் அப்படி ஒளித்துப் படிக்க வேண்டியதில்லை. ஷாட்ஸின் உரிமம், விற்காமல் எத்தனை பேருக்கும் நகல் கொடுக்க விடுகிறது. மாற்றி வெளியிடக் கூடாது என்கிறது, மொழிபெயர்ப்பும் மாற்றம்தான், ஆகவே அதைத் தமிழாக்கிப் பரப்ப அவரிடம் தனியாகக் கேட்க வேண்டும். நித்யாவின் புத்தகம் மாற்றவும் விடுகிறது. மாற்றியதை அதே உரிமையோடு கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். அதாவது எல்லும் ஒன்றும் குழம்பும் ஒரு பக்கத்தைக் கண்டால், அந்தப் பக்கத்தை நாங்களே திருத்தி, இங்கேயுள்ள உதாரணத்தைச் சேர்த்து, அடுத்த வருஷப் பிள்ளைகளுக்குத் திருத்திய புத்தகமாகக் கொடுக்கலாம். எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை.

*

சாயங்காலம் பாரதி மணிமண்டபம் வரை நடந்தேன். கல்கி முன்னின்று, ஜனங்கள் கொடுத்த பணத்தில் எழுந்து 1947-ல் திறந்த மண்டபம்.

இந்த ஊரில் பிறந்தவரின் பாட்டுகள் ஒரு காலத்தில் தனியார் உரிமையில் இருந்தன. நூல்களின் உரிமை பாரதி பிரசுராலயத்திடம். இசைத்தட்டுக்கும் படத்துக்குமான உரிமை ஏவி. மெய்யப்பனிடம். மெய்யப்பன் விலை வாங்காமல் விட்டுக்கொடுத்தார். 1949-ல் சென்னை அரசு உரிமையை வாங்கியது. அப்புறம் அந்த எழுத்து எல்லோருக்குமானது. மலிவுப் பதிப்பும் பள்ளிப் பாட்டும் பொதுக்கூட்ட மேடையும் அதற்குப் பிறகு யாரிடமும் அனுமதி கேட்டு நிற்கவில்லை.

ரிச்சர்ட் ஸ்டால்மன் ஜிஎன்யு திட்டத்தை அறிவித்தது 1983-ல். லினஸ் டோர்வால்ட்ஸ் தன் கர்னலைப் பற்றி வெளியே சொன்னது 1991 ஆகஸ்டில். கட்டற்ற மென்பொருள் என்றால் என்ன என்று வகுப்பில் சொல்ல நான் அமெரிக்கா போக வேண்டியதில்லை. இந்த மண்டபத்திலிருந்து தொடங்கலாம். படிக்கலாம், பாடலாம், அச்சடிக்கலாம், உங்கள் ஊர் மேடையில் போடலாம். அந்தப் பிள்ளைகளுக்கு உடனே புரியும். ஒவ்வொருத்தியும் ஆண்டுவிழாவில் பாரதியைப் பாடியவள்தான்.

*

எழுத்து எண்ணும் டபிள்யூசி கட்டளை. நான் பார்த்த எந்த ஆங்கிலப் புத்தகத்திலும் இல்லாத பயிற்சி ஒன்று கிடைத்தது, சந்தோஷமாக இருக்கிறது.

'எட்டயபுரம்' என்று வரிமுடிவு சேர்க்காமல் அனுப்பி, பைட்டை எண்ணச் சொன்னால் 30 என்கிறது. குறிகளை எண்ணச் சொன்னால் 10. நாம் விரல்விட்டு எண்ணினால் 7. எ, ட், ட, ய, பு, ர, ம். 'ட்' என்பது ட-வும் புள்ளியுமாக இரண்டு, 'பு'வும் இரண்டு, 'ம்'மும் இரண்டு. ஒவ்வொரு குறிக்கும் யுடிஎஃப்-8-ல் மூன்று பைட். ஆங்கிலத்தில் மட்டும் எழுதிப் பார்த்தால் பைட்டும் எழுத்தும் ஒன்றே என்று ஒரு பிள்ளை கடைசி வரை நம்பிக்கொண்டிருக்கலாம், எண்கள் ஒத்துப்போய்விடும். தன் ஊர்ப் பெயரை எழுதிய அன்றே அவளுக்கு வேறுபாடு தெரிந்துவிடும்.

வரிசைப்படுத்தலுக்கு ஊழியர் பட்டியல் வேண்டாம். ஊர், பயிர், மூட்டை என்று மூன்று பத்தியில் ஒரு கோப்பு. மூட்டைப் பத்தியை வைத்து அப்படியே சார்ட் செய்தால் 10 மூட்டை 9-க்கு முன்னால் வந்து நிற்கும். எண்ணாகப் பார் என்று சொன்னால்தான் இடம் மாறும். சம்சாரி வீட்டுப் பிள்ளை அந்தத் தப்பை என்னைவிடச் சீக்கிரம் பிடித்துவிடுவாள்.

*

அரசு இலவச லேப்டாப் 2011 செப்டம்பரில் தொடங்கியது. அந்த முதல் லேப்டாப்புகளை இயக்கினால் இரண்டு பெயர் வரும், விண்டோஸ் ஒன்று, பாஸ் லினக்ஸ் ஒன்று. பாஸ், சென்னை சி-டாக்கில் டெபியனை அடியாக வைத்து உருவாக்கியது. நான் போய்ப் பார்த்த வீடுகளில் இரண்டாவது பெயரை யாரும் தொட்டிருக்கவில்லை. தொடுவதற்குக் கையில் ஒரு புத்தகம் இருந்திருக்கவில்லை. அந்த வருஷங்களை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது. மெஷின் வீட்டுக்குள் வந்துவிட்டது, கூட ஒரு நூறு பக்கம் வந்திருக்கலாம்.

*

லேப்டாப் இல்லாத பிள்ளைகள் போனில் டெர்மக்ஸ் செயலியைப் போட்டுப் பழகுகிறார்கள். போனில் பிடிஎஃப் கண்ணுக்கு ஆகாது, கட்டளை வரி உடைந்து அடுத்த வரிக்குப் போய்விடும், எங்கே இடைவெளி என்று தெரியாது. பேப்பரில் ஒரு பிரதி கட்டாயம் வேண்டும்.

ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியலில் லினக்ஸ் பாடங்கள் தமிழ்க் குரலில் இருக்கின்றன. வாரம் ஒன்று.

*

கையேட்டைத் திரையில் காட்டும் மேன் கட்டளை. யுனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பரில் வந்தது. அந்தப் பழக்கம் இன்று வரை மெஷினுக்குள்ளேயே இருக்கிறது. புத்தகம் தப்பாகச் சொன்னாலும், நான் தப்பாகச் சொன்னாலும், அந்த மெஷினில் உள்ள கட்டளை எப்படி நடக்கும் என்பதை அந்தப் பக்கம் சொல்லும். போன வருஷப் பிள்ளைக்கு மேன் தெரிந்திருந்தால் எண் 1-க்கும் ஒரு அர்த்தம் இருப்பதை அவளே கண்டுபிடித்திருப்பாள். எட்டாம் வாரத்தில் வைத்திருந்தேன், இரண்டாம் வாரத்துக்கு மாற்றிவிட்டேன். முழுப் பக்கத்தையும் படிக்க வேண்டாம், ஒரு எழுத்தின் அர்த்தத்தைத் தேடி எடுத்தால் போதும்.

*

ஆடி 2.

வரியை நிரப்பிவிட்டேன். பாடநூல்: நித்யா, இரண்டு பாகமும். துணைநூல்: ஷாட்ஸ், ஆறாம் வாரத்திலிருந்து, நான் குறித்துக் கொடுக்கும் பக்கங்கள். அதன் கீழே தாஸ், தேர்வு வினாக்களுக்காக. பாடத்திட்டக் குழுவில் தமிழ் மின்னூலுக்குப் பதிப்பகப் பெயர் என்ன, பதிப்பு எண் என்ன என்று கேட்பார்கள். பதிலை எழுதி இணைத்திருக்கிறேன். மறுத்தால் நித்யாவின் இரண்டு பாகத்தையும் துணைநூலில் போடச் சொல்லிக் கேட்பேன். வகுப்பில் நடப்பது எதுவோ அதுதான் பாடநூல்.

நித்யாவின் பாகங்களோடு சேர்க்க எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறேன். எல்லும் ஒன்றும், சாய்ந்த குறி, எட்டயபுரம் முப்பது பைட், மூட்டைக் கணக்கு. லேபில் அடித்துப் பார்த்துத்தான் ஒவ்வொரு வரியையும் சேர்த்தேன். அதே உரிமத்தைக் கடைசிப் பக்கத்தில் போட்டாயிற்று.

சனிக்கிழமை அண்ணாச்சியிடம் கொடுக்க வேண்டும். தைத்துத் தரவா, ஒட்டித் தரவா என்பார். ஸ்பைரல்தான். செலவு கொஞ்சம் கூடினாலும் மேஜையில் விரித்தபடியே கிடக்கும், பக்கத்தை அமுக்கிப் பிடிக்க ஒரு கை வேண்டியதில்லை. இரண்டு கையும் விசைப்பலகைக்கு.